அப்பாவின் ரிவால்வருக்கு என் ஆட்சேபணை

தம்பிக்கு,

நலம், நலம்தானா என்றெல்லாம் எழுதி ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் துப்பாக்கி. அப்பாவுக்குத் திதி கொடுப்பதைப் பற்றி ஒரு வரி. அம்மா சாப்பிட்டாளா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் ஒரு படிவத்தை மடித்து வைத்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்கே மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பு, அக்கா போட்டாச்சு" என்று எழுதியிருக்கிறாய். உன் அக்கா பால்காரன் நோட்டை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள். நான் படித்தேன். இறந்துபோன என் கணவரின் ரிவால்வரை என் மகன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதில் வாரிசு என்ற முறையில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று அதில் அச்சடித்திருக்கிறது. எனக்கு ஆட்சேபணை இருக்கிறதடா. நிறைய இருக்கிறது. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே விடவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ரிவால்வரைப் பற்றி எனக்கே பாடம் நடத்தியிருக்கிறாய், அதுதான் வேடிக்கை. இந்தக் காலத்தில் வருவதெல்லாம் ஒப்புக்குச் செய்கிறது, அந்தக் காலத்து மேக்னம் ரிவால்வர் அப்படி இல்லை, உடம்புச் சட்டம் முழுவதும் அடித்து உருவாக்கிய இரும்பு, சிலிண்டர் சுவர் எவ்வளவு தடிமன், ஒவ்வொரு துண்டையும் ஆள் உட்கார்ந்து அரம் வைத்துப் பொருத்தியிருக்கிறான், வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோன பிறகு இதுபோல ஒன்று கிடைக்காது, உன் பேரன் காலம் வரைக்கும் அப்படியே இருக்கும் என்று. அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலிருந்து இதையேதான் உன் அப்பா வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற சம்பந்தி, தாசில்தார், உர வியாபாரி எல்லாரையும் உட்காரவைத்து, தோட்டா ஒன்றைக் கையில் வைத்துக் காட்டுவார். "மத்ததைவிட ஒரு உளுந்து நீளம்தான் கூட. ஆனா அடி எப்படி அடிக்கும் தெரியுமா? அந்த அடியைத் தாங்கத்தான் இதுக்கு இவ்வளவு உடம்பு" என்பார். டிரிகரை ஒரே இழுப்பாக இழுத்தால் சிலிண்டர் தானே திரும்பும், சுத்தியல் தானே பின்னால் போய்த் தானே விழும், தனியாக ஒன்றும் நிமிர்த்த வேண்டாம். நான் சோறு வடித்துக்கொண்டே இதையெல்லாம் மனப்பாடம் செய்தவள். எனக்குப் போய் நீ எழுதுகிறாய்!

சேற்றுக் கதையையும் விடாமல் எழுதியிருக்கிறாய். அது நடந்ததுதான். வலங்கைமான் போகிற வழியில், பாலத்தை ஒட்டி ஜீப் வாய்க்காலில் சாய்ந்தது. இடுப்பிலிருந்த ரிவால்வர் உறையோடு தண்ணீரில் போய்விட்டது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட புதிது, வாய்க்கால் கரை தட்டி ஓடுகிறது. நான்கு ஆட்களை இறக்கி, முங்கி முங்கித் தேடி, மறுநாள் மத்தியானம் களிமண்ணோடு களிமண்ணாக எடுத்துக்கொண்டு வந்தார்கள். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, ஆறு தோட்டா போட்டு, கொல்லையில் பட்டுப்போன பனையில் சுட்டார். ஆறும் வெடித்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நீ பிறந்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. முங்கி எடுத்துக் கொடுத்தது யார் என்று உனக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார். பக்கிரிசாமி. நம் வயலில் அறுவடைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வருவாரே, அவர்தான். போன மாதம் நீ மடையில் நின்று சண்டை போட்டுவிட்டு வந்தாயே செல்வராசு வாத்தியார், அவருடைய அப்பா.

அந்தச் சண்டைக்கு வருகிறேன். உன் கடிதத்தில் அதுதான் உண்மையான விஷயம், மற்றதெல்லாம் ஜோடனை. உன் அத்தை விற்ற, தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை நிலத்தை செல்வராசு வாங்கியதிலிருந்து உனக்குப் பொறுக்கவில்லை. சென்னையில் மாடி மாடியாகக் கட்டிடம் கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை காரில் வந்து வரப்பில் நிற்கிற உனக்கு, தண்ணீர் முறை எந்தக் கிழமை யாருக்கு என்றுகூடத் தெரியாது. போன மாதம் மடையில் வைத்து அவரிடம், "எங்கப்பா என்ன வச்சிருந்தாருன்னு தெரியும்ல? களத்துல எடுத்துக் காட்டினதுக்கே இருபது பேர் ஓடினீங்க" என்று கேட்டாயாம். அவர் லேசாகச் சிரித்துவிட்டு, "சார், வாங்க, உட்கார்ந்து பேசுவோம்" என்றாராம். அந்தச் சிரிப்பு உன்னைக் குடைகிறது. "அவங்களுக்கு ஒரு பயம் இருக்கணும்மா" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் மூன்று தடவை திருப்பிப் படித்தேன். ஏனென்றால் அதே வார்த்தையை ஒரு காலத்தில் இந்த வீட்டில் சொன்னவள் நான்தான்.

களத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ மூன்றாம் வகுப்பு. சரஸ்வதி பூஜை லீவுக்கு வந்திருந்த உன்னைத் தஞ்சாவூர் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்ட மறுநாள் அது. அந்த வருஷம் குறுவை அறுப்பும் பூஜையும் ஒன்றாக வந்தன. ஊர் முழுக்கச் செங்கொடி. ஒரு பக்கம் நில உச்சவரம்பு, பதுக்கல் நெல் என்று அதிகாரிகள் பத்தாயத்தைத் தேடி வருகிறார்கள், இன்னொரு பக்கம் கூலி கூட்டிக் கொடு என்று வயலில் ஆள் இறங்க மறுக்கிறார்கள். கட்சி மாறி ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பழைய மாதிரி போலீசுக்கு ஆள் அனுப்பினால் வேன் வந்து நிற்கிற காலம் முடிந்துவிட்டது. நம் பக்கிரிசாமியும் அறுத்து அளக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் அரைப் படி கூடக் கேட்டார். அரைப் படி! நான் தினம் அதைவிடக் கூடுதலாக மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா முடியாது என்றார். வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். அறுத்த கட்டு களத்துக்கு வந்து சேர்ந்தபோது, பக்கிரிசாமி இருபது பேரோடு களத்தில் வந்து நின்றுகொண்டார். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நின்றார்கள். எல்லார் கையிலும் கருக்கரிவாள் இருந்தது. லாரியில் வந்தவர்கள் பயந்துபோய்க் கட்டை இறக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

உன் அப்பா வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். வேர்த்து வழிகிறது. "அரைப் படிதானே, குடுத்துத் தொலைச்சா என்ன?" என்று அவராகவே சொன்னார். ஆமாம், அவர்தான் சொன்னார். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு ஒரு சொம்பு மோர் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. எனக்கு என்ன பேய் பிடித்ததோ. பக்கத்துப் பண்ணையில் பணியவில்லை, நாம் பணிந்தால் நாளைக்கு ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதுதான் மண்டையில் ஓடியது. "பீரோவுல துப்பாக்கி இருக்கு. வீட்டுலதான் ஆம்பளை இல்லை" என்றேன். அதோடு நின்றேனா? பீரோவைத் திறந்து, உறையோடு எடுத்து வந்து, அவர் மடியில் வைத்தேன். "அவங்களுக்கு ஒரு பயம் வேணுங்க" என்றேன். ஒரு பெண்பிள்ளை, இரண்டு குழந்தை பெற்றவள், சாப்பாட்டு நேரத்தில் புருஷன் மடியில் எதைக் கொண்டுவந்து வைத்தாள் பார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவும் சாகிற வரைக்கும் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் கிளம்பியதும் எனக்கு இருப்புக் கொள்ளாமல் பின்னாலேயே ஓடினேன். வைக்கோல் போர் ஓரத்தில் நின்று பார்த்தேன். உனக்கு உன் அப்பா சொன்ன கதையில், அவர் ரிவால்வரை எடுத்துக் காட்டினார், கூட்டம் கலைந்தது, அவ்வளவுதான். அது இல்லை நடந்தது. பக்கிரிசாமி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "ஐயா, அரைப் படி கேட்டதுக்கு இதா?" என்றார். உன் அப்பா அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். பத்தடி இருக்கும். இழுத்தார். தம்பி, கேட்டுக்கொள், காட்டவில்லை, இழுத்தார். டிரிகர் பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைக்க மூன்றாவது தடவையும் இழுத்தார். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் தள்ளிப் பார்த்தார், அதுவும் அசையவில்லை. சேற்றில் ஒரு நாள் முழுக்கக் கிடந்து எழுந்து வந்து ஆறு தோட்டா வெடித்த அந்த மகா பலசாலி, அன்றைக்கு அடுப்பங்கரைக் குழவி மாதிரி அவர் கையில் கிடந்தது.

பக்கிரிசாமி அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாது, அவருடைய முதுகு மறைத்தது. நீ கொஞ்சம் யோசித்துப் பார். எதிரில் இருபது அரிவாள். இந்தப் பக்கம் வேலை செய்யாத துப்பாக்கியோடு ஒற்றை ஆள். பக்கிரிசாமி வாயைத் திறந்து, "இந்த ஆளு சுட்டுட்டாருடா, தோட்டா வெடிக்கலை" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், நான் அன்றைக்கே தாலியைக் கழற்றியிருப்பேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, "ஐயா சுட மாட்டாரு. சும்மா பயங்காட்டுறாரு. வாங்கடா, போவலாம், நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். போகும்போது வைக்கோல் போர்ப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். உன் அப்பா வாழ்நாள் முழுக்க ஊரெல்லாம் சொன்னாரே, "சும்மா எடுத்துக் காட்டினேன், கலைஞ்சு போச்சு" என்று, அந்தக் கதையை முதலில் சொன்னது பக்கிரிசாமி. நம் வீட்டு மானத்துக்கு அவர் கொடுத்த துணி அது. அதைத்தான் நீ போன மாதம் அவர் மகன் முகத்தில் வீசிவிட்டு வந்திருக்கிறாய்.

ஒரு வாரம் கழித்து, "தாசில்தார் சொல்லிட்டாரு, வேற வழியில்லை" என்று ஊருக்கு ஒரு காரணம் சொல்லி அரைப் படியைக் கூட்டிக் கொடுத்தார். அதே வாரம்தான் நாங்கள் இரண்டு பேரும் தஞ்சாவூர் வந்தோம். உனக்கு ஞாபகம் இருக்கும், லீவு முடிந்து போன எட்டாம் நாளே அப்பா வந்துவிட்டார் என்று குதித்தாய். உன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஏன்ப்பா அழுவுறீங்க?" என்று நீ கேட்டதற்குத் தூசி என்றார். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் துப்பாக்கிக் கடை பாயிடம் ரிவால்வரைக் காட்டிவிட்டு வந்திருந்தோம். பாய் சிலிண்டரைப் பக்கவாட்டில் தள்ளி, அதன் நடுக்கம்பியை அமுக்கி, பின்னால் நட்சத்திரம் மாதிரி இருக்கிற ஒரு தகட்டை மேலே தூக்கினார். காலித் தோட்டாவை வெளியே தள்ளுகிற தகடு அது. ஊசியால் அதற்கு அடியில் எதையோ நெம்பி எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு நொய். மஞ்சள் ஒட்டிய அரிசி நொய்.

ஆயுத பூஜைக்கு நான் போட்ட அட்சதை. வருஷா வருஷம் அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் சாவி எல்லாவற்றோடும் ரிவால்வரையும் தோட்டாவைக் கழற்றித் திறந்தபடியே இலையில் வைப்பார். நானும் சந்தனம் குங்குமம் வைத்து அட்சதை தூவுவேன். விஜயதசமியன்று தோட்டா போடுவதற்கு முன்னால் அந்தக் கம்பியை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது அவர் பழக்கம். தகடு எழும்பியபோது ஒரு நொய் அடியில் போய்விட்டது. தகடு முழுசாக உட்காரவில்லை, அதன் மேல் உட்கார்ந்த தோட்டா சட்டத்தில் இறுக்கிக்கொண்டது, சிலிண்டர் திரும்பவில்லை. சிலிண்டர் திரும்பாமல் டிரிகரை இழுக்க முடியாதாம். பாய் பெருமையாகவே சொன்னார்: "துப்பாக்கிக்கு ஒரு கொறையும் இல்லீங்க ஐயா. இதுல எவ்வளவு சுட்டாலும் சட்டம் அசையாது, இன்னும் நூறு வருஷம் வரும். உள்ளே மட்டும் கடியாரம் மாதிரி, தூசு ஆவாது." அப்புறம், "எங்க வச்சு இழுத்தீங்க?" என்று கேட்டார். "சும்மா, தென்னை மரத்துல" என்றார் உன் அப்பா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் அந்த நொய்யை வாயால் ஊதிவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து ரிவால்வர் பூஜைக்கு வரவில்லை. ஏன் என்று நீ கேட்டபோது துருப்பிடிக்கும் என்றார். நீயும் நம்பினாய்.

நான் என்ன ஒழுங்கு? அதற்கு அடுத்த வாரம் பக்கிரிசாமி கூலி நெல் வாங்க வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் புருஷனை உயிரோடு திருப்பி அனுப்பிய மனுஷனுக்கு, அன்றைக்கும் கொல்லைப்புறத்தில், கூரையில் செருகி வைத்திருந்த தனி டம்ளரில்தான் காப்பி ஊற்றினேன். அவர் குடித்து, கழுவி, செருகிய இடத்திலேயே செருகிவிட்டுப் போனார். வருஷம் எவ்வளவோ ஓடிவிட்டது, அவரை எங்கே பார்த்தாலும் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு விறுவிறு என்று போய்விடுகிறேன். உன் அப்பா சாவுக்கு வந்து வாசல் பந்தலில் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அப்போதும் நான் அவரிடம் பேசவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறித் தஞ்சாவூர் போனேன். அப்பா காலமானதும் நீதானே கொண்டுபோய் அந்தக் கடையில் ஒப்படைத்தாய். பாயின் மகன்தான் இப்போது பார்த்துக்கொள்கிறார். எடுத்துக் காட்டுங்கள் என்றேன். எண்ணெய் போட்டுத் துடைத்து, புதிது மாதிரி வைத்திருக்கிறார். "தேர்தலுக்குத் தேர்தல் ஐயா இங்கதான் கொண்டாந்து வைப்பாங்க. கொஞ்சம்கூட ஆட்டம் இல்லீங்கம்மா, இழுத்துப் பாருங்க, காலிதான்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக இழுத்தேன். நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. சிலிண்டர் வழுக்கிக்கொண்டு திரும்பியது. சுத்தியல் பின்னால் போய், டக்கென்று விழுந்தது. அன்றைக்குக் களத்தில் கேட்டிருக்க வேண்டிய சத்தம் அது. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது, பாயின் மகன் சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். நீ சொல்வது சரிதான்டா, அது கெடவே இல்லை. அப்பா போய்விட்டார், என் முழங்கால் போய்விட்டது, பக்கிரிசாமிக்குக் கண் மங்கிவிட்டது. அது மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். இந்தத் தடவை உள்ளே நொய் இல்லை. உனக்கோ அப்பாவைவிடக் கோபம் அதிகம். உன் எதிரில் நிற்பவர் அவர் அப்பா மாதிரியே சிரித்துவிட்டுப் போவார் என்று எனக்கு யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?

எத்தனை தடவை உன்னிடம் போனில் சொல்ல வாயெடுத்தேன். "அம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்பாய். சும்மா இருந்து இருந்துதான் ஒரு பொய்யை உனக்கு அப்பாவின் வீரமாக வளர்த்துக் கொடுத்துவிட்டேன். அதில் பாதிப் பழி எனக்கு. அதனால்தான் கத்துகிறேன். உன்மேல் பாதி, என்மேல் பாதி.

உன் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. வாரிசுகள் என்று என் பெயரையும் உன் அக்கா பெயரையும் போட்டிருக்கிறாய். அந்தத் துப்பாக்கி விஷயத்தில் ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. அதன் எதிரில் பத்தடியில் நின்றவர் இன்னும் இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. காரை நம் வாசலில் விட்டுவிட்டு நடந்து போ. செல்வராசு வீட்டில் சாப்பிடும் நேரமாகப் பார்த்துப் போகாதே, பத்து மணிக்குப் போ. பக்கிரிசாமி பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குக் களத்தில் என்ன நடந்தது என்று கேள். நான் எழுதியதைச் சொல்லாதே, அவராகச் சொல்கிறாரா, இன்னமும் உன் அப்பாவைக் காப்பாற்றுகிறாரா என்று பார். முடித்தபிறகு இந்தப் படிவத்தைப் படித்துக் காட்டு. "வச்சுக்கட்டும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அன்றைக்குச் சாயங்காலமே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

போனதும் காப்பி கொடுப்பார்கள். எந்த டம்ளரில் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் வாங்கிக் குடி. குடித்துவிட்டு அப்புறம் கேள்.

அம்மா